பேஸ்பாலை வேகப்படுத்தும் விதிகள்: புதிதாகப் பார்க்க வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பேஸ்பால் ரசிகர்கள் நாலு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால் ஆட்டத்தை வேகப்படுத்தும் விதிகள் பற்றிய பேச்சு வந்துவிடும். 2023இல் அமெரிக்காவின் மேஜர் லீக் 'பிட்ச் கிளாக்'கைக் கொண்டுவந்தது. பந்து வீசும் பிட்சருக்கும் அதை அடிக்கும் பேட்டருக்கும் விநாடிக் கணக்கில் கெடு வைக்கும் கடிகாரம் அது. அன்று தொடங்கிய விவாதம் இன்னும் ஓயவில்லை.

அமெரிக்காவுக்கு வந்த புதிதில் நான் பார்த்த முதல் ஆட்டத்தில், மொத்தம் ஒன்பது இன்னிங்ஸில் ஏழாவதிலேயே எழுந்து வந்துவிட்டேன். அப்போதே கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. இன்று இந்த விளையாட்டை மனதார நேசிக்கிறேன். அதனால்தான் இந்த விதிகளைப் பற்றி எனக்கு உறுதியான கருத்துகள் உண்டு. கிரிக்கெட் நன்றாகத் தெரிந்து, பேஸ்பால் அரைகுறையாகத் தெரிந்தவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். கீழே சொல்வதை வரிசையாகச் செய்து பாருங்கள். உங்கள் கருத்தை நீங்களே சொந்தமாக உருவாக்கிக்கொள்ளலாம்.

முதல் வேலை: கையில் ஸ்டாப்வாட்ச் எடுங்கள்

யார் சொல்வதையும் கேட்பதற்கு முன்னால் நீங்களே அளந்து பார்த்துவிடுங்கள். 2023க்கு முந்தைய ஆட்டம் ஒன்று, இந்த வருட ஆட்டம் ஒன்று. பழைய முழு ஆட்டங்கள் யூடியூபில் நிறையக் கிடைக்கின்றன. இரண்டிலும் ஒரே ஒரு இன்னிங்ஸ் பார்த்தால் போதும். பேட்டருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிக்கும் கேட்சரின் கைக்குப் பந்து வந்து சேர்ந்ததிலிருந்து பிட்சர் அடுத்த பந்தை வீசும் வரை எத்தனை விநாடி என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பழைய ஆட்டத்தில் என்ன நடக்கிறது என்றும் கவனியுங்கள். பேட்டர் தான் நிற்க வேண்டிய கட்டத்தை விட்டு வெளியே வருவார், கையுறையின் பட்டையைப் பிரித்து மறுபடி ஒட்டுவார். பிட்சர் தான் நின்று வீசும் மேடான மவுண்டைச் சுற்றி நடப்பார், தொப்பியைச் சரி செய்வார், கேட்சரின் சைகைக்குத் தலையாட்ட மறுப்பார். 1970களிலும் 80களிலும் ஆடிய மைக் ஹார்க்ரோவ் ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் இப்படி ஏகப்பட்ட சடங்குகள் செய்வார். மழையால் ஆட்டம் நிற்பதைப் போல இந்த மனிதரால் நிற்கிறது என்ற பொருளில் அவருக்குப் பட்டப்பெயரே வைத்தார்கள். ஆனால் அன்று அவர் ஒரு விதிவிலக்கு. 2010களில் எல்லோருமே கொஞ்சம் கொஞ்சம் ஹார்க்ரோவ் ஆகிவிட்டார்கள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஆட்டத்தில் இரண்டு அணியும் சேர்ந்து ஏறக்குறைய 300 பந்து வீசுகின்றன. ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் 5 விநாடி மிச்சப்படுத்தினால் 1,500 விநாடி, அதாவது 25 நிமிடம். ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தின் சராசரி நேரம் 2021இல் 3 மணி 10 நிமிடம். 2022இல் 3 மணி 4 நிமிடத்தை ஒட்டி இருந்தது. கடிகாரம் வந்த 2023இல் 2 மணி 40 நிமிடம் ஆனது. கிட்டத்தட்ட நாம் போட்ட கணக்கேதான். மூன்றரை மணி நேரத்துக்கு மேல் இழுத்த ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டங்கள் 2021இல் 390 இருந்தன. 2023இல் வெறும் 9.

1970களின் நடுவில் சராசரி ஆட்டம் இரண்டரை மணி நேரத்துக்குள் முடிந்திருக்கிறது. அன்றைக்கும் ஒன்பது இன்னிங்ஸ்தான், அணிக்கு 27 அவுட்தான், ரன்களின் எண்ணிக்கையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. நடுவில் கூடிய முக்கால் மணி நேரத்தில் பெரும்பகுதி வெறும் காத்திருப்பு. இதை உங்கள் கையாலேயே அளந்துவிட்டீர்கள் என்றால் விவாதத்தின் பாதி தூரத்தைக் கடந்தாகிவிட்டது.

அடுத்து, விதியை விதியாகப் படியுங்கள்

ரன்னர் ஒவ்வொன்றாக ஓடிக் கடக்க வேண்டிய பேஸ்களில் ஆள் இல்லாதபோது பிட்சர் 15 விநாடிக்குள் வீசத் தொடங்க வேண்டும். பேஸில் ரன்னர் இருந்தால் 2023இல் 20 விநாடி கொடுத்தார்கள். 2024இல் அதை 18 ஆகக் குறைத்தார்கள். ஒரு பேட்டர் போய் அடுத்தவர் வர 30 விநாடி. கடிகாரத்தில் 8 விநாடி மிச்சம் இருக்கும்போது பேட்டர் கட்டத்துக்குள் நின்று பிட்சரைப் பார்த்துத் தயாராக இருக்க வேண்டும்.

தாமதம் பிட்சருடையது என்றால் ஒரு 'பால்' தண்டனை. பேட்டர் தாமதித்தால் ஒரு 'ஸ்ட்ரைக்'. நான்கு பால் சேர்ந்தால் பேட்டர் சும்மாவே முதல் பேஸுக்குப் போவார், மூன்று ஸ்ட்ரைக் என்றால் அவுட். ஆகவே இது சாதாரண அபராதம் இல்லை. பேட்டர் ஒரு முறை களம் இறங்கினால் ஒரே ஒரு தடவைதான் 'டைம்' கேட்கலாம்.

புதியவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுகிற இடம் அடுத்தது. பிட்சர் மவுண்டிலிருந்து காலை எடுத்தாலோ, ரன்னரைப் பிடிக்க பேஸுக்குப் பந்தை எறிந்தாலோ கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடும். அதற்கு எல்லை வைக்காவிட்டால் பிட்சர் காலை எடுத்து எடுத்தே கடிகாரத்தை ஏமாற்றிவிடுவார். அதனால் ஒரு பேட்டருக்கு இரண்டு தடவைதான் அப்படிச் செய்யலாம். மூன்றாவது தடவை ரன்னரை அவுட் ஆக்கியே தீர வேண்டும். இல்லையென்றால் அது 'பால்க்', ரன்னர்கள் ஒரு பேஸ் முன்னேறுவார்கள். நடுவில் ரன்னர் முன்னேறிவிட்டால் இந்த எண்ணிக்கை புதிதாகத் தொடங்கும்.

நேரம் மிச்சம் பிடிக்க வந்த இந்த எல்லை ஆட்டத்தின் உள்ளேயே ஒரு வாசலைத் திறந்துவிட்டது. பிட்சர் இரண்டு தடவை எறிந்து பார்த்துவிட்டால் ரன்னருக்குத் தைரியம் வந்துவிடுகிறது. அதே வருடம் பேஸின் பக்க அளவையும் 15 அங்குலத்திலிருந்து 18 ஆக்கினார்கள். முதல் பேஸுக்கும் இரண்டாவதுக்கும் இடையே ஓட வேண்டிய தூரம் நாலரை அங்குலம் குறைந்தது. விளைவு, 2022இல் லீக் முழுவதும் 2,486 ஆக இருந்த திருட்டு பேஸ்கள் (பேட்டர் அடிக்காமலே ரன்னர் அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிப்பவை) 2023இல் 3,503 ஆயின. அட்லாண்டாவின் ரொனால்ட் அகுன்யா ஜூனியர் ஒரே சீசனில் 41 ஹோம் ரன் அடித்து 73 பேஸ் திருடினார். அதற்கு முன் ஒருவரும் 40, 70 என்ற இரண்டு எல்லைகளையும் ஒரே வருடத்தில் தொட்டதில்லை. கடிகாரத்தை வெறும் நேர மிச்சமாக மட்டும் பேசுபவர்களிடம் இதைக் கேளுங்கள். முதல் பேஸில் வேகமான ரன்னர் நிற்கும்போது அரங்கம் முழுவதும் சீட்டின் நுனிக்கு வருவதை நான் இந்தச் சில வருடங்களில்தான் பார்க்கிறேன்.

மூன்றாவது: ஒவ்வொரு விதியிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்

இந்த விதி காத்திருப்பை வெட்டுகிறதா, ஆட்டத்தை வெட்டுகிறதா? என் அளவுகோல் இதுதான். வேகப்படுத்துகிறோம் என்ற பெயரில் வந்த எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஆதரிக்கவோ எதிர்க்கவோ வேண்டாம்.

பிட்ச் கிளாக் காத்திருப்பை வெட்டுகிறது. ஒரு பந்து கூட அதனால் குறையவில்லை. 2022இல் வந்த 'பிட்ச்காம்' கருவியும் அப்படியே. கேட்சர் விரலால் காட்டிய சைகையை இப்போது பட்டனை அழுத்தி பிட்சரின் காதுக்கு அனுப்புகிறார். எதிரணி சைகையைத் திருடிவிடும் என்ற பயத்தில் மாற்றி மாற்றிக் காட்டிய நேரம் மிச்சமானது. அது இல்லாமல் 15 விநாடிக் கெடு இவ்வளவு எளிதாக நடைமுறைக்கு வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

2017இல் வந்த ஒரு விதியை எடுங்கள். அபாயமான பேட்டரை வேண்டுமென்றே முதல் பேஸுக்கு அனுப்ப நினைத்தால் முன்பு நான்கு பந்தைத் தள்ளி வீச வேண்டும். இப்போது மேனேஜர் கையைக் காட்டினால் போதும். ஒரு நிமிடம் கூட மிச்சமாகாது. ஆனால் 2006 ஜூனில் மிகேல் கப்ரேரா அப்படித் தள்ளி வீசிய பந்தையே எட்டி அடித்து, ரன்னரை ஹோம் பிளேட்டுக்கு ஓடிவந்து ரன் எடுக்க வைத்தார். அது போல ஒன்று இனி நடக்கவே முடியாது. சின்ன இழப்புதான், ஆனால் வெட்டப்பட்டது ஆட்டம்.

எனக்கு உண்மையிலேயே மனக்குறை உள்ள விதி, கூடுதல் இன்னிங்ஸ் விதி. ஒன்பது இன்னிங்ஸில் சமமாக இருந்தால் பத்தாவதிலிருந்து ஒவ்வொரு அணியும் இரண்டாவது பேஸில் ஒரு ரன்னரை இலவசமாக நிறுத்திவைத்து ஆட்டத்தைத் தொடங்கும். 2020இல் கொரோனா காலத்துக்காக வந்தது, 2023இல் நிரந்தரமானது. அந்த ரன்னர் அந்த இடத்துக்கு எதுவும் செய்து வரவில்லை. ஒரு பேட்டர் அடித்து, ஓடி, சறுக்கி வந்து சேர வேண்டிய இடம் அது. 1981இல் மேஜர் லீக்குக்குக் கீழே உள்ள சிறிய லீக் ஒன்றில் பாட்டக்கெட், ராசெஸ்டர் அணிகள் 33 இன்னிங்ஸ் ஆடின. ஏப்ரல் 18 இரவு தொடங்கிய ஆட்டத்தை விடியற்காலை நான்கு மணிக்கு மேல் நிறுத்தி, மிச்சத்தை ஜூன் 23 அன்று முடித்தார்கள். பின்னாளில் மாபெரும் வீரர்களான கால் ரிப்கன் ஜூனியரும் வேட் பாக்ஸும் அதில் ஆடியவர்கள். அப்படியொரு இரவு இனி அமையாது.

எதிர்த்தரப்புக்கும் நியாயம் உண்டு, மறைக்க மாட்டேன். சீசனில் ஓர் அணி 162 ஆட்டம் ஆடுகிறது. 15 இன்னிங்ஸ் இழுத்தால் பிட்சர்கள் தீர்ந்துவிடுவார்கள், மறுநாள் வேறு ஊரில் ஆட்டம் இருக்கும். வீரர்களில் பலருக்கு இந்த விதி பிடித்திருப்பதும் அதனால்தான். ஆனால் பிளேஆஃப் வந்ததும் லீக்கே இந்த விதியை ஒதுக்கி வைத்துவிடுகிறது. சாம்பியனை முடிவு செய்யும் உலகத் தொடரை இலவச ரன்னரால் தீர்மானிக்க அவர்களுக்கே மனம் வரவில்லை.

ஃபீல்டர்களை ஒரு பக்கமாகக் குவிக்கும் 'ஷிஃப்ட்' உத்திக்கு வந்த தடையை இந்த விவாதத்தில் கலக்காதீர்கள். அது கடிகாரத்தோடு ஒன்றாக வந்ததால் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 1946இலேயே டெட் வில்லியம்ஸ் என்ற பேட்டரை மடக்க, எதிரணி மேனேஜர் லூ பூட்ரோ தன் ஃபீல்டர்களை அப்படிக் குவித்தார். 2023 முதல் இரண்டாவது பேஸின் இரு பக்கமும் இரண்டு இரண்டு பேர், உள்களத்துக்குள் நிற்க வேண்டும். அது பேட்டருக்கு உதவும் விதி. நேரத்தோடு சம்பந்தம் குறைவு.

நான்காவது: எதிர்ப்பவர்களைப் பொறுமையாகக் கேளுங்கள்

"பேஸ்பாலின் அழகே அதற்குக் கடிகாரம் இல்லை என்பதுதான்" என்பார்கள். அதிகம் கேட்கப்போகும் வாதம் இதுவே. இதற்குப் பதில் விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது. பேஸ்களில் ஆள் இல்லாதபோது 12 விநாடிக்குள் வீச வேண்டும் என்று கடிகாரத்துக்கு வெகுகாலம் முன்பே எழுதிவைத்திருந்தார்கள். யாரும் அமல்படுத்தவில்லை, அவ்வளவுதான். அப்புறம், ஆட்டத்துக்கு இப்போதும் முடிவு நேரம் கிடையாது. கடைசி அவுட் விழும் வரை எந்த அணியும் திரும்பி வரலாம்.

கடைசிக் கட்டம் பற்றிய பயம் இதைவிட வலுவானது. 2023 பிப்ரவரி 25 அன்று, ஃப்ளோரிடாவின் நார்த் போர்ட்டில் பயிற்சி ஆட்டம். அட்லாண்டாவும் பாஸ்டனும் 6-6. ஒன்பதாவது இன்னிங்ஸ், எல்லா பேஸிலும் ஆள், இரண்டு அவுட், பேட்டர் கால் கான்லிக்கு மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக். அடுத்த பந்து வருவதற்குள் அம்பயர் கையை நீட்டினார். நான்காவது பால் தனக்குக் கிடைத்துவிட்டது என்று நினைத்து கான்லி முதல் பேஸ் பக்கம் நடக்கத் தொடங்கினார். உண்மையில் அவர் நேரத்துக்குத் தயாராகவில்லை என்று மூன்றாவது ஸ்ட்ரைக் கொடுத்திருந்தார்கள். பயிற்சி ஆட்டம் என்பதால் சமனிலேயே முடிந்தது. அதே வருடம் நவம்பரில் டெல்லியில் நடந்த கிரிக்கெட் உலகக் கோப்பை ஆட்டத்தில் ஹெல்மெட் பட்டை அறுந்து ஏஞ்சலோ மேத்யூஸ் 'டைம்டு அவுட்' ஆனது நினைவிருந்தால், நார்த் போர்ட் அரங்கில் இருந்தவர்களின் மனநிலை உங்களுக்குப் புரியும். ஆனால் ஒரு சில வாரங்களிலேயே வீரர்கள் பழகிவிட்டார்கள். சிறிய லீக்குகளில் 2015 முதலே கடிகாரத்தோடு ஆடி வளர்ந்த இளைஞர்களுக்குப் பழகவும் தேவைப்படவில்லை. 2023 உலகத் தொடரும் கடிகாரத்தால் தீர்மானிக்கப்படவில்லை.

பிட்சர்களின் கை பற்றிய கவலைதான் நான் மிகவும் மதிக்கும் வாதம். வீச்சுக்கு வீச்சு இடையே ஓய்வு குறைந்தால் முழங்கைத் தசைநார் என்ன ஆகும்? 2024 ஏப்ரலில் முக்கியமான பிட்சர்கள் அடுத்தடுத்து காயமடைந்தபோது லீக் கெடுவைக் குறைத்ததை வீரர்கள் சங்கம் வெளிப்படையாகக் கண்டித்தது. லீக் மறுத்தது. அந்த டிசம்பரில் லீக் வெளியிட்ட ஆய்வறிக்கை, எப்போதும் உச்ச வேகத்தில் வீசத் துடிப்பதையும் முழு பலத்தையும் ஒவ்வொரு பந்திலும் காட்டுவதையும் முதன்மைக் காரணங்களாகச் சொன்னது. கடிகாரத்துக்கும் காயத்துக்கும் தொடர்பு தெரியவில்லை என்றது. காயங்கள் கடிகாரத்துக்கு முன்பே ஏறிக்கொண்டிருந்தன என்பது உண்மை. ஆனாலும் அறிக்கை வெளியிட்டது கடிகாரத்தைக் கொண்டுவந்த அதே லீக். சராசரி 2 மணி 40 நிமிடத்துக்கு வந்தபிறகு 20 விநாடியை 18 ஆக்கியதற்கு ஒரு தேவையும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கடிகாரத்தை ஆதரிக்கும் நான் இந்த இரண்டு விநாடியில் வீரர்கள் பக்கம்.

யார் முடிவெடுக்கிறார்கள் என்பதையும் இங்கேயே தெரிந்துகொள்ளுங்கள். விதிகளுக்கான குழுவில் 11 பேர். உரிமையாளர் தரப்பு 6, வீரர்கள் 4, அம்பயர் 1. 2022 செப்டம்பரில் கடிகாரத்தையும் ஷிஃப்ட் தடையையும் நான்கு வீரர்களும் எதிர்த்தே வாக்களித்தார்கள். எண்ணிக்கையைப் பார்த்தாலே முடிவு தெரிந்திருக்கும்.

விளம்பரம் பற்றி மிகக் குறைவாகத்தான் பேசுகிறார்கள், எனக்கு அது வருத்தம். முழு ஆட்டத்தில் அணிகள் பக்கம் மாறும் இடைவேளைகள் 17. ஒவ்வொன்றும் இரண்டு நிமிடத்துக்குக் குறையாது. 34 நிமிடத்துக்கு மேல் விளம்பரத்துக்கே போகிறது. பேட்டர் கையுறையைச் சரி செய்யும் ஐந்து விநாடியைக் கணக்குப் பார்த்தவர்கள் இதில் ஒரு அரை நிமிடத்தையாவது விட்டுக்கொடுக்கலாம். யாராவது "ரசிகருக்காக வேகப்படுத்துகிறோம்" என்று சொன்னால் இந்தக் கணக்கை எடுத்து வையுங்கள்.

கூட்டம் கூடியதையும் சொல்லிவிடுகிறேன். 2022இல் சுமார் 6.45 கோடியாக இருந்த மொத்தப் பார்வையாளர் எண்ணிக்கை 2023இல் 7 கோடியைத் தாண்டியது. கொரோனாவுக்குப் பிறகு மக்கள் திரும்பியதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் வேலைநாள் இரவில் குழந்தைகளோடு வந்து கடைசி அவுட் வரை இருப்பவர்களை இப்போது நிறையப் பார்க்கிறேன்.

ஐந்தாவது: புதிதாக வருவதில் பழகிப் பாருங்கள்

அளவுகோல் கையில் இருக்கிறது, அடுத்த விதியில் வைத்துப் பாருங்கள். 2026 சீசனிலிருந்து ஸ்ட்ரைக்கா பாலா என்ற அம்பயரின் முடிவை எதிர்த்துக் கேமராக்களிடம் முறையிடலாம். அணிக்கு இரண்டு முறையீடு. பேட்டர், பிட்சர், கேட்சர் மூவர் மட்டுமே கேட்கலாம், தலையில் தட்டிக் காட்ட வேண்டும். முறையீடு சரியென்றால் வாய்ப்பு கையிலேயே இருக்கும். டிஆர்எஸ் பார்த்துப் பழகிய நமக்கு இது எளிதில் புரியும். ஆனால் டக்அவுட்டில் இருந்து யாரும் உதவ முடியாது, உடனே கேட்க வேண்டும். 2025இன் பயிற்சி ஆட்டங்களில் ஒரு முறையீட்டுக்குச் சராசரியாக 14 விநாடிக்கும் குறைவாகவே ஆனது. நேரம் கொஞ்சம் கூடுகிறது, ஆனால் அந்த நேரத்தில் அரங்கம் முழுவதும் திரையைப் பார்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அதைக் காத்திருப்பு என்று நான் எண்ண மாட்டேன். தென்கொரிய லீக் 2024இலேயே ஒவ்வொரு பந்தையும் இயந்திரத்திடம் கொடுத்துவிட்டது. அங்கே முறையீட்டுக்கே இடமில்லை. இரண்டு லீக்கையும் ஒரு வாரம் மாறி மாறிப் பார்த்தால் எது உங்களுக்குப் பிடிக்கிறது என்று தெரிந்துவிடும்.

இன்னொரு யோசனையும் காதில் விழும். ஆட்டத்தில் ஒரு முறை, யார் முறையாக இருந்தாலும் தன் சிறந்த பேட்டரை இறக்க அணிக்கு உரிமை கொடுக்கலாம் என்று 2024இன் கடைசியில் லீக் ஆணையர் ராப் மேன்ஃப்ரெட் பேச்சுவாக்கில் சொன்னார். நம் கேள்வியை இதில் வையுங்கள். காத்திருப்பில் ஒரு விநாடி கூட இது குறைக்காது. ஒன்பது பேரும் வரிசைப்படிதான் வர வேண்டும் என்ற அடித்தளத்தில் கை வைக்கிறது. எனக்கு வேண்டாம்.

சரி, நேரில் பார்க்கக் கிளம்புகிறீர்கள் என்றால் சில நடைமுறை விஷயங்கள். கடிகாரம் மைதானத்தில் இரண்டு இடத்தில் கட்டாயம் தெரியும், ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் ஒன்று, வெளிக்களத்தில் ஒன்று. முதல் இன்னிங்ஸிலேயே இரண்டும் கண்ணில் படும் இடத்தில் உட்காருங்கள். முதல் சில பேட்டர்களுக்குக் கடிகாரத்தைப் பாருங்கள், அப்புறம் அதை மறந்துவிட்டு ரன்னரைப் பாருங்கள். பிட்சர் ஒரு முறை எறிந்தாரா, இரண்டு முறையா என்று விரலில் எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டு ஆகிவிட்டால் கண்ணை முதல் பேஸிலிருந்து எடுக்காதீர்கள். தின்பதற்கு வாங்க வேண்டியதை ஆட்டம் தொடங்கும் முன்பே வாங்கிவிடுங்கள். ஒரு ஹாட் டாக் வரிசையில் நின்று திரும்புவதற்குள் இப்போது முன்பைவிட அதிக ஆட்டம் போய்விடுகிறது.